கையொப்பம்: விஜேந்திரன்

ஹாலிஎல
9 பெப்ரவரி 2025

தம்பி பர்ஹான்,

இந்தக் கடிதம் டோஹாவுக்கு வந்து சேர எத்தனை நாள் ஆகும் என்று தபால் கந்தோரில் கேட்டேன். இரண்டு கிழமை, சிலவேளை மூன்றும் ஆகலாம் என்றார்கள். வட்ஸப்பில் கேட்டிருந்தால் இப்போதே பதில் வந்திருக்கும். ஆனால் திரையில் வருகிற எந்தப் பெயரையும் நம்பும் நிலையில் நான் இல்லை. ஏ.எல். படிக்கிற காலத்தில் எங்கள் வீட்டில் உட்கார்ந்து என் தம்பி விஜேந்திரனின் கொப்பியைப் பார்த்து எழுதுவாயே, அந்தக் கையெழுத்து எனக்குத் தெரியும். அதில் பதில் எழுது.

போன புதன்கிழமை பாடசாலையில் கணினி அறையைத் திறந்தேன். விஜேந்திரன் லினக்ஸ் போட்டுத் தந்த பழைய கணினிகள் பன்னிரண்டும் எழும்பின. நீங்கள் இருவரும் செய்த 'வாசல்' மென்பொருள் தானாகத் திறந்து, எல்லாத் திரையிலும் ஒரே செய்தியைக் காட்டியது: "தமிழ்த் தட்டச்சு, புதிய பதிப்பு. சோதித்துக் கையொப்பமிட்டவர்: ச. விஜேந்திரன். 3 பெப்ரவரி 2025. நிறுவலாமா?"

பெரகல வீதியில் மண் சரிந்து அவன் போய் இரண்டு மாதத்துக்கு மேலாகிறது. எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி எழுந்து, "டீச்சர், சார் வந்துட்டாரா?" என்று கேட்டாள். நான் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு வெளியே போய் நின்றேன்.

செய்தி பிள்ளைகளோடு தோட்டத்து லய வீடுகளுக்குப் போய்விட்டது. மறுநாள் அம்மா வந்தார். அவருக்கு எழுத்து அதிகம் தெரியாது. மகனின் பெயரை மட்டும் எங்கே கண்டாலும் அடையாளம் தெரியும். திரையில் அதன் மேல் விரலை வைத்துக்கொண்டு சொன்னார்:

"எம்புள்ளதான் அனுப்புறான். செத்தவன் எப்புடிடி கையெழுத்துப் போடுவான்?"

உடல் கிடைக்கவில்லை என்பது உனக்குத் தெரியும். அதைப் பிடித்துக்கொண்டுதான் அம்மா கருமாதி செய்யவும் விடவில்லை, மரணப் பதிவுக்குக் கையெழுத்து வைக்கவும் இல்லை. அன்றிலிருந்து வந்துகொண்டே இருக்கிறார். பின்வாங்கில் உட்கார்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஒரு நாள் முழுக்க நானும் நம்பினேன். வெள்ளிக்கிழமை அந்தப் பதிப்பை உள்ளே திறந்து பார்த்தேன். தட்டச்சு மென்பொருளுக்குக் கணினியிலுள்ள எல்லாக் கோப்புகளையும் படிக்க அனுமதி கொடுக்கப்பட்டிருந்தது. தோட்டத்து ஆட்களின் பிறப்புச் சான்றிதழ்களையும் அடையாள அட்டைகளையும் அந்தக் கணினிகளில்தான் ஸ்கேன் செய்து வைத்திருக்கிறோம். இதே மென்பொருளை, இதே அனுமதியைக் கேட்டதற்காக, அவன் ஆறு மாதம் வெளியே நிறுத்தி வைத்திருந்தான். "எழுத்தடிக்கிறதுக்கு எதுக்குக்கா ஊர் சனத்தோட பர்த் சேர்ட்டிபிகேட்?" என்று கேட்டவன் அவன்.

உயிரோடு இருந்தால் இதில் கையொப்பம் வைத்திருக்கமாட்டான். அவன் செத்துவிட்டான் என்பது எனக்கு இரண்டாம் தடவையாகத் தெரிந்தது அப்போதுதான்.

கணினியில் அவன் கையொப்பத்தை இடும் இரகசியச் சாவியின் பிரதி உன்னிடம் மட்டும்தான் இருந்தது. நீதானா?

மதுஷா


டோஹா
28 பெப்ரவரி 2025

அன்புள்ள மதுஷா அக்கா,

நான்தான்.

இந்த ஒரு சொல்லை எழுதிவிட்டு இரண்டு நாள் பேனையை எடுக்கவில்லை. இனி முழுதாகச் சொல்கிறேன்.

பதுளையில் இப்றாஹீம் நானாவின் ஸ்டூடியோவுக்கு நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். படம் திருத்தும் மென்பொருள் ஒன்று வேண்டுமென்று, இணையத்தில் கண்ட கட்டளையை அப்படியே ஒட்டினார். கணினி கேட்டதும் கடவுச்சொல்லைக் கொடுத்தார். மூன்று நாளில் கல்யாண வீட்டுப் படங்கள் எல்லாம் எவன் கைக்கோ போய்விட்டன. "ஏமாந்தது அவர் பிழை" என்றேன் நான். விஜே ஒத்துக்கொள்ளவில்லை. "சனம் சொப்ட்வெயர் போடுறத நிப்பாட்ட ஏலாது மச்சான். பத்திரமான வழி கஷ்டமா இருந்தா லேசான வழியிலதான் போவாங்க. நாம பத்திரமான வழிய லேசாக்கணும்" என்றான். அப்படித்தான் வாசல் பிறந்தது. வெளியார் எழுதிய எந்த மென்பொருளானாலும் அதைத் தனி அறையில் அடைப்போம். கெமரா, மைக், கோப்பு என்று எந்தக் கதவு அதற்குத் தேவையோ அதை மட்டும் திறப்போம். ஒருவர் சோதிக்க வேண்டும், இரண்டாமவர் திரும்பவும் பார்த்து "பார்த்தேன்" என்று அழுத்த வேண்டும். அதன் பிறகுதான் கையொப்பம். ஊர் சனத்துக்கு ஒரேயொரு பொத்தான்.

ஆனால் வாசல் ஓடுகிற முப்பத்தேழு இடத்துக் கணினிகளுக்கும் தெரிந்த கையொப்பம் அவனுடையது மட்டும்தான். அதைத் தூரத்திலிருந்து மாற்ற முடியாதபடி அவனே கட்டியிருந்தான். "நாம தூர இருந்து மாத்தலாம்னா திருடனும் மாத்துவான்" என்பான். ஒவ்வொரு கணினிக்கும் முன்னால் நேரில் போய் உட்கார வேண்டும். நான் இங்கே இரண்டு வருட ஒப்பந்தத்தில் கிடக்கிறேன்.

டிசம்பரில் பிரவுசரில் பெரிய பாதுகாப்பு ஓட்டை ஒன்று வெளியானது. அடைக்காவிட்டால் நம்முடைய எல்லாக் கணினியும் திறந்த வீடு. கையொப்பம் இல்லாத திருத்தத்தை எந்தக் கணினியும் ஏற்காது. அவன் சாவியை எடுத்தேன். அந்த முதல் தடவைக்காக நான் இன்றைக்கும் வெட்கப்படவில்லை.

அதன் பிறகு ஐந்து தடவை போட்டேன். அவசரம் என்று சொல்ல அவற்றில் ஒன்றும் இல்லை. கையொப்பம் விழுந்ததும் திரையில் ஒரு வரி வரும்: "சரியான கையொப்பம்: விஜேந்திரன்." அந்த வரியைப் பார்ப்பதற்காகவே சில இரவுகளில் உட்கார்ந்தேனோ என்று இப்போது பயமாக இருக்கிறது. தட்டச்சு மென்பொருளை நான் திறந்தே பார்க்கவில்லை. வேலை முடிந்து வந்த களைப்பில் அப்படியே போட்டேன். உங்கள் கடிதம் வந்த அன்றே அதைத் திரும்ப எடுத்துவிட்டேன். எதுவும் வெளியே போனதாகத் தெரியவில்லை. போகவில்லை என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது.

அம்மாவிடம் என்ன சொல்வீர்கள் என்று கேட்கக்கூட எனக்கு வாய் இல்லை.

பர்ஹான்


ஹாலிஎல
20 மார்ச் 2025

பர்ஹான்,

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். நீ எழுதியதை அப்படியே வாசித்தும் காட்டினேன். நம்பவில்லை.

"பர்ஹான் எதுக்கு எம்புள்ள பேர்ல போடுறான்? அவனுக்குன்னு பேரு இல்லியா?" என்றார்.

இந்தக் கேள்விக்கு உன்னிடம் பதில் இருந்தால் எழுது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முந்தாநாள் சோற்றைப் போட்டு மூடி அவனுக்கென்று எடுத்து வைத்திருந்தார். நவம்பரில் கொஞ்ச நாள் அப்படிச் செய்தார், பிறகு தானாகவே விட்டிருந்தார். இப்போது திரும்பவும் தொடங்கிவிட்டது. அந்தத் தட்டைக் காலையில் கழுவுவது நான்தான். உன் களைப்பு எங்கள் வீட்டுக்குள் வந்து என்ன செய்கிறது என்று உனக்குத் தெரிய வேண்டும்.

கோபத்தோடு நிற்க எனக்கு நேரமில்லை. முடிவு ஒன்று எடுத்திருக்கிறேன். ஏப்ரலில் லீவு எடுத்து முப்பத்தேழு இடங்களுக்கும் நானே போகிறேன். என் பெயரில் சாவி செய்துகொள்கிறேன். இனி நான் சோதித்துக் கையொப்பமிடுவேன், இரண்டாம் ஆளாக நீ பார். எல்லா இடத்திலும் என் சாவி ஏறியதும் அவன் சாவியை நீயே செல்லாததாக்கு. அதுவரை அவன் பெயரில் ஓர் எழுத்துகூட வரக்கூடாது. புதிதாக எதையும் போட வேண்டாமென்று எல்லா இடத்துக்கும் போனில் சொல்லிவிட்டேன்.

"ஒங்களுக்கு இதெல்லாம் ஏலுமா டீச்சர்?" என்று எல்ல ஊரிலிருந்து ஒருவர் போனில் கேட்டார். அனுமதிகளை வாசிக்கச் சொல்லித் தந்தது தம்பிதான். கையொப்பமிட நான் ஒருநாளும் துணிந்ததில்லை. பின்னால் அவன் இருக்கிறான் என்ற தைரியத்தில் இத்தனை காலம் போய்விட்டது.

இடங்களின் பட்டியலையும் செய்ய வேண்டியதையும் வரிசையாக எழுதி அனுப்பு. கையால்.

மதுஷா


டோஹா
6 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்கா,

பட்டியலும் குறிப்புகளும் தனித் தாளில் இருக்கின்றன. ஒவ்வோரிடத்திலும் சாவியை ஏற்றிய பிறகு அதன் அடையாளமாகத் திரையில் வருகிற நாற்பது எழுத்தையும் உங்கள் தாளில் உள்ளதோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பாருங்கள். முதல் நாலும் கடைசி நாலும் சரியாக இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள்.

பதினேழாம் எண் பற்றிச் சொல்ல வேண்டும். அது பெரகலவுக்கு மேலே நெல்லிமலைத் தோட்டத்தின் மேல்டிவிசன் சனசமூக நிலையம். சரிவுக்குப் பிறகு அந்த லயங்களை ஆபத்து என்று அறிவித்து எல்லாரையும் கீழே இறக்கிவிட்டார்கள். அங்கே யாரும் இல்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் காலை எட்டுப் பத்துக்கு அந்தக் கணினி எழும்பிப் புதிய பதிப்பு இருக்கிறதா என்று கேட்கிறது. எட்டு நாற்பதுக்கு அடங்கிவிடுகிறது. நவம்பரிலிருந்து நாலைந்து நாளைத் தவிர எல்லா நாளும் கேட்டிருக்கிறது. யார் போடுகிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. மண் சரிந்த அன்றைக்கு விஜே கடைசியாகப் போன இடம் அது.

அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். என் பெயர் எனக்கு இருக்கிறதுதான் அக்கா. அதைப் போட எனக்குத் தகுதி இல்லாமல் போனது அன்றைக்கு.

அன்று பகல் ஒன்றரைக்கு அவன் நெல்லிமலையிலிருந்து அழைத்தான். வீடியோவில் பேசும் மென்பொருள் ஒன்றை முடித்துவிட்டானாம், நான் இரண்டாவதாகப் பார்க்க வேண்டுமாம். "மழை சரியில்ல மச்சான், நீ பாத்தா நான் கெளம்பிருவேன்" என்றான். நான் வேலையில் இருந்தேன். "பாக்கிறேன், கொஞ்சம் இரி" என்றேன். மறந்துவிட்டேன். மூன்று மணிக்குத் திரும்ப அழைத்தான். அப்போதும் நான் அதைத் திறக்கவில்லை. "பார்த்தேன்" என்று அழுத்திவிட்டு, "எல்லாம் ஓகே, நீ போ" என்றேன். பத்து செக்கன் வேலை. அதற்காக அவனை ஒன்றரை மணித்தியாலம் மழையில் உட்கார வைத்தேன். பார்க்காமலே பார்த்தேன் என்றேன். நாலேகாலுக்கு மலை இறங்கியது.

இதை என் உம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. ஊருக்கு வராததற்கு ஒப்பந்தம் மட்டும் காரணமில்லை.

பர்ஹான்


ஹாலிஎல
11 மே 2025

பர்ஹான்,

உன் கடிதத்தை மடித்துப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். இனி உனக்கு எழுதவே கூடாது என்று இருந்தேன். முப்பத்தாறு இடத்துக்குப் போகிற ஒவ்வொரு பஸ்ஸிலும் அந்த ஒன்றரை மணித்தியாலம் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தது.

பதினேழாம் எண்ணைக் கடைசிக்கு விட்டேன். பயம்தான். அம்மாவுக்குத் தெரியாமல் போக நினைத்தேன். எங்கே என்று கேட்டபோது பொய் சொல்ல வரவில்லை. அம்மா உள்ளே போய் அவனுடைய வெள்ளைச் சட்டை ஒன்றை மடித்து எடுத்துக்கொண்டு வந்தார். "நனஞ்சிருப்பான். மாத்தணும்ல" என்றார்.

முதல் பஸ்ஸில் போய்ப் பெரகலயில் இறங்கி மேலே நடந்தோம். ஒன்பது மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். லயங்களில் கதவு, ஜன்னல், தகரம் எல்லாம் கழற்றியிருந்தார்கள். அடுப்படிக்குள்ளேயே புல் வளர்ந்திருக்கிறது. நாய்கூட இல்லை. ஆனால் நிலையத்தின் முன்னே கூட்டியிருந்தது. ஈர்க்கு மாறின் கோடு புதிதாக மண்ணில் தெரிந்தது. கதவு சும்மா சாத்தியிருந்தது. மேசையில் தேத்தண்ணி குடித்த கிளாஸ் ஒன்று. கணினியின் முதுகைத் தொட்டேன், இன்னும் சூடு.

அம்மா அந்தச் சூட்டில் கையை வைத்துக்கொண்டு, "விஜேந்திரா" என்று கூப்பிட்டார். வீட்டில் சாப்பிடக் கூப்பிடுகிற அதே குரல். அப்போது வெளியே காலடிச் சத்தம் கேட்டது.

வந்தது ஒரு பெண். ஐம்பத்தைந்து வயதிருக்கும், தலையில் விறகுக்கட்டு. எங்களைக் கண்டதும் அவளும் பயந்துவிட்டாள், இறக்கிவிட வந்த ஆட்கள் என்று நினைத்தாளாம். பெயர் நல்லம்மா. எல்லாரோடும் கீழே இறங்கி, நாலைந்து நாளில் ஒளித்துத் திரும்பி வந்து கடைசி லயத்தில் இருக்கிறாள். மகள் தயானி குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருக்கிறாள். அங்கே வீட்டுக்காரர்கள் எழும்புவதற்கு முன்புள்ள அரை மணித்தியாலம்தான் அந்தப் பிள்ளைக்குப் பேசக் கிடைக்கிற நேரம். மலையில் போனுக்கு சிக்னல் இல்லை. நிலையத்துக் கூரையில் பூட்டிய அன்டெனாவில் மட்டும் இணையம் வருகிறது.

"நான் கீழ போயிட்டா எம்புள்ள யாரப் பாக்கும்?" என்று கேட்டாள்.

நான் என் பெயரைச் சொன்னேன், யாருடைய அக்கா என்று சொன்னேன். நல்லம்மா விறகைப் போட்டுவிட்டு அம்மாவின் காலடியில் உட்கார்ந்தாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அந்தத் தம்பிதாங்க இதப் போட்டுக் குடுத்தாரு. நான் வேற ஒண்ணக் காட்டி, இத அமுக்குனா ஒடனே வருமாமே, இதையே போடுங்கன்னேன். அது வேணாம்மா, அது ஒங்க மக அழுவுறதையும் கேட்டுக்கிட்டிருக்கும், நான் நல்லதாப் பாத்துத் தாறேன்னாரு. முடிச்சிட்டும் காத்துக்கிட்டே இருந்தாரு. யாரோ கூட்டாளி ஒருத்தர் பாக்கணுமாம். மூணு மணிக்கு மேல எம்மக மொகம் வந்துச்சு. ஒரு நாளாச்சும் பேசிறலாம்னு அன்னிக்கு மட்டும் எம்புள்ள வேல வீட்டுல ஒளிஞ்சி நின்னு காத்துக்கிட்டிருந்துச்சு. ரெண்டு வருசம் கழிச்சுப் பாக்குறேன். அந்தத் தம்பி வெளிய போயி நின்னுக்கிட்டாரு, நாங்க அழுவட்டும்னு. மழ விட்டதும் போங்கன்னேன். அம்மா தேடும்னு சொல்லிட்டு இந்தப் பாதையில எறங்குனாரு. வளைவு தாண்டுற வரைக்கும் நான் பாத்துக்கிட்டுதான் நின்னேன். கொஞ்ச நேரத்துல அந்தச் சத்தம். போலீஸ்ல சொன்னேங்க. யாரும் எழுதிக்கல."

அம்மா அழவில்லை. "எதுல உக்காந்திருந்தான்?" என்று மட்டும் கேட்டார். நல்லம்மா கணினிக்கு முன்னாலிருந்த நாற்காலியைக் காட்டினாள். அம்மா சட்டையை அதன் முதுகில் போட்டார். சுருக்கத்தைக் கையால் நீவிவிட்டார்.

அதே நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துதான் என் சாவியை ஏற்றினேன். நாற்பது எழுத்தையும் ஒப்பிட்டேன், இரண்டு தடவை. நல்லம்மாவுக்கு வேறு இடம் பார்த்து, இந்த அன்டெனாவைக் கழற்றிக் கீழே கொண்டுபோகத் தோட்டத்துத் தலைவரிடம் பேசியிருக்கிறேன். அடுத்த மழைக்கு முன்னால் அவள் அங்கிருந்து இறங்க வேண்டும்.

திரும்பி வரும் வழியில் அம்மா கேட்டார்: "அந்தக் கூட்டாளி பர்ஹானா?"

"ஆமாம்மா."

பெரகல வரும்வரை அம்மா முன்னால் நடந்தார். மண் சரிந்த இடத்துக்கு எதிரில் நின்றார். அங்கே புது மதில் கட்டுகிறார்கள். நெடுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அம்மா தேடும்னுதான் எறங்கியிருக்கான். அந்தப் புள்ளையையும் சொல்லிக் குத்தமில்ல, என்னையும் சொல்லிக் குத்தமில்ல. கருமாதி வச்சிருவோம். பர்ஹான்கிட்ட எம்புள்ள பேர என்கிட்டயே குடுத்துறச் சொல்லு."

இது அம்மா சொன்னது. நான் இன்னும் அந்த இடத்துக்கு வந்து சேரவில்லை. ஆனால் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன், அதை வைத்துப் புரிந்துகொள்.

முப்பத்தேழும் முடிந்தது. இனி செய்.

மதுஷா


டோஹா
1 ஜூன் 2025

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதம் புதன்கிழமை வந்தது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்தேன். சாவியைச் செல்லாததாக்கக் கட்டளை கொடுத்தால், அது காரணம் கேட்கிறது. சாவி திருடு போனதா, வேறு சாவி வந்துவிட்டதா, இனிப் பயன்பாட்டில் இல்லையா என்று ஒரு சின்னப் பட்டியல். இறந்துவிட்டார் என்பது அதில் இல்லை. திருடு போனது என்பதில் என் கை கொஞ்ச நேரம் நின்றது. அது உண்மையும்கூட. கடைசியில் 'பயன்பாட்டில் இல்லை' என்பதைத் தொட்டேன். அதன் கீழே விளக்கம் எழுத ஓர் இடம் உண்டு. "21 நவம்பர் 2024 அன்று காலமானார். அதன் பிறகு இந்தப் பெயரில் வந்த ஆறும் பர்ஹான் இட்டவை" என்று எழுதினேன். அந்த வரி இனி எல்லாக் கணினியிலும் இருக்கும், யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம்.

அழுத்தினேன். சத்தம் ஒன்றும் இல்லை. மறுநாள் மதியத்துக்குள் முப்பத்தேழு இடத்துக் கணினிகளும் ஏற்றுக்கொண்டன. சாவிப் பிரதி இருந்த யூ.எஸ்.பி. குச்சியைச் சுத்தியலால் நொறுக்கினேன். அன்றிரவு அவன் என்னோடு அறைக்குள் இருப்பது போல இருந்தது, கோபமாக இல்லாமல், வேலை முடியட்டும் என்று காத்திருப்பவன் போல. விளக்கை அணைக்காமல் படுத்தேன்.

ஓகஸ்டில் விடுமுறை எடுக்கிறேன், இன்ஷா அல்லாஹ். அம்மா சொன்னதை எத்தனை தடவை வாசித்தேன் என்று தெரியாது. ஆனாலும் நேரில் வந்து என் வாயால் சொல்லியாக வேண்டும். படியேற விடுவதும் விடாததும் உங்கள் இஷ்டம்.

உங்கள் பெயரில் முதலாவதாக அனுப்பியிருந்த மென்பொருள் நேற்று என்னிடம் வந்தது. நல்லம்மாவின் கணினிக்கான வீடியோப் பேச்சின் புதிய பதிப்பு. இரண்டு மணித்தியாலம் உட்கார்ந்து வரி வரியாகப் பார்த்தேன். "பார்த்தேன்" என்பதை அழுத்தவில்லை அக்கா. திருப்பி அனுப்பியிருக்கிறேன். மைக்கை அழைப்பு முடிந்த பிறகும் திறந்தே வைத்திருக்க அது அனுமதி கேட்கிறது. நீங்கள் கொடுத்திருக்கிறீர்கள். தேவையில்லை. அந்தக் கதவை அடைத்துவிட்டுத் திரும்ப அனுப்புங்கள்.

எத்தனை மணியானாலும் விழித்திருந்து பார்க்கிறேன்.

பர்ஹான்